பதின்மூன்றாவது வேன்

"சாவி வண்டிலயே தொங்குது மாமா. எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

துப்புக் கொடுத்தவன் பெண்டாட்டியின் தம்பி. அதனால்தான் கம்பி நம்பினான். பூட்டைக் கம்பியால் திறந்து திறந்தே அவனுக்கு அந்தப் பெயர். இரண்டு முறை உள்ளே போய் வந்துவிட்டான். மூன்றாம் முறை போனால் இந்த வாசலுக்கே வராதே என்று பெண்டாட்டி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

பட்டப்பகலில் பார்சல் கம்பெனி ஷெட்டுக்குள் நுழைந்தான். பன்னிரண்டு டீசல் வேன்கள், அவற்றில் சாய்ந்தபடி பன்னிரண்டு டிரைவர்கள். பதின்மூன்றாவது பேட்டரி வேன். கக்கூஸ் ஓரமாகத் தள்ளி வைத்ததுபோல் நின்றது. சாவி தொங்கியது.

சார்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு ஏறினான். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். சக்கரம் சுற்றியது. வாட்ச்மேன் வேறு கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

பழைய இரும்புக்கடைக்காரர் பானெட்டைத் தூக்கியதும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

"இன்ஜின் எங்கப்பா?"

"இதுக்குக் கிடையாதுண்ணே."

"சைலன்சர்?"

"அதுவும் இல்ல."

"பாதி வண்டிய உனக்கு முன்னாடியே எவனோ அடிச்சுட்டானா?"

"பேட்டரி இருக்குண்ணே."

"அதத் தொட்டு நான் கருகவா? கழட்டத் தெரிஞ்ச மெக்கானிக் இங்க ஒருத்தன் இல்ல. செகண்ட் ஹேண்ட்ல சீந்த ஆளில்ல. டீசல் வண்டியா கொண்டா, ஒரு மணி நேரத்துல பிரிச்சுடறேன்."

இன்னும் இரண்டு கடைகளில் இதே பாட்டு. அதற்குள் சார்ஜ் மீட்டர் பத்தொன்பது சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஏசியை அணைத்தான். வியர்வை சட்டையை நனைத்தது.

ஒரு தெருவில் வேனை விட்டுவிட்டுப் பத்தடி நடந்திருப்பான்.

"என்னப்பா, வாசல அடைச்சு நிறுத்திட்டு நீ பாட்டுக்குப் போற?" என்றாள் ஒரு அம்மா. வேனின் முதுகில் எழுதியிருந்த கம்பெனி நம்பரைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தவும் ஆரம்பித்தாள். கம்பி பாய்ந்து ஏறினான்.

ஒன்பது சதவீதம். டயர் கடைக்காரர் வயர் செருகும் ஓட்டையைக் குனிந்து பார்த்தார். "இந்த மாதிரி பிளக்க நான் கண்டதே இல்ல" என்றார். ஊரிலேயே இதற்குச் சார்ஜ் போடும் இடம் ஒன்றுதான். எங்கிருந்து திருடினானோ அங்கே. நடுரோட்டில் நின்றால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் போலீஸ் வரும். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு நழுவ வேண்டியதுதான்.

நாலு மணிக்கு, மூன்று சதவீதத்தோடு, வேன் ஷெட்டுக்குள் ஊர்ந்து வந்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டினார். வாட்ச்மேன் ஒரு நோட்டைத் திறந்தார்.

"எத்தன கிலோமீட்டர்?"

"நாப்பத்தொண்ணு."

"ஏசி?"

"கொஞ்ச நேரம் போட்டேன்."

மேனேஜர் செருப்பு தட்டத் தட்ட ஓடி வந்தார். "சீட்டு எப்படி சார்? இடுப்பு வலிக்குதா?"

"சார், நான் வந்து... இந்த வண்டிய..."

"திருடினீங்க. தெரியும். எங்க டிரைவருங்க ஒருத்தனும் இதுல ஏற மாட்டேங்கிறான். நடுவழியில நின்னுடுமாம், மழையில ஷாக் அடிக்குமாம். தலைமை ஆபீஸோ தெனம் ஓட்டிப் பாத்து எழுதி அனுப்புங்கிறான். ஓடலேன்னா என் வேலை போயிடும். அதான் சாவிய வண்டிலயே விட்டு வெச்சேன். நீங்க ஒன்பதாவது ஆள். விக்க முடியாம எல்லாரும் சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து விட்டுட்டாங்க."

வாட்ச்மேன் தன் போனை நீட்டினார். அதில் கம்பி வேனில் ஏறும் படம், முகம் தெளிவாகத் தெரிந்தது.

"இது ஸ்டேஷனுக்குப் போகக்கூடாதுன்னா நாளைக்கு வண்டிய எடுக்க ஒரு ஆளக் காட்டுங்க" என்றார். "நேத்து வந்தவரு தங்கமான மனுஷன். கேட்டதும் சொந்த அக்கா புருஷனையே காட்டிட்டாரு."

கம்பி கொஞ்ச நேரம் பெண்டாட்டியை நினைத்தான். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவள் தம்பியை நினைத்தான். பிறகு, தன்னோடு இருபது வருஷம் தொழில் செய்த கூட்டாளிக்குப் போன் போட்டான்.

"சாவி வண்டிலயே தொங்குது மாப்ள. எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."