ஒரு ரொட்டி குறைகிறது

அடுப்புக்கார ஹம்மாதி ரொட்டி திருடுகிறான் என்று ஹாஜி தாஹிரி சொல்லிவிட்டார். ஃபெஸ் நகரத்தில், எங்கள் சந்தில், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

எங்கள் வீடுகளில் ரொட்டி சுடுகிற அடுப்பு இல்லை. காலையில் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் அடுக்கி, துணி போர்த்திப் பொது அடுப்புக்கு அனுப்புவோம். யாருடையது எது என்று குழம்பாமலிருக்க மாவின் மேல் வீட்டு முத்திரையைக் குத்தி அனுப்புவது வழக்கம். ஹாஜி வீட்டு முத்திரை பிறை. அதையும் அவர் மற்ற வீட்டு முத்திரைகளைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்து வைத்திருந்தார்.

இப்போது ஆறு பிறை போய் ஐந்து பிறைதான் திரும்பி வருகிறது. அதுவும் தினமும்.

"கருகிப் போயிருக்கும், விடுங்க" என்றாள் அவர் மனைவி லல்லா பத்தூல்.

"கருகறதுக்கு என் ரொட்டிதான் கிடைச்சுதா?"

நியாயமான கேள்விதான். ஹம்மாதியிடம் கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு சாம்பலை வாரினான். அடுப்பு பள்ளிவாசல் சொத்து; பள்ளிவாசல் நிர்வாகம் ஹாஜி கையில். ஹாஜி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பிள்ளைகுட்டியோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

ஹாஜி கெட்டவர் இல்லை. கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு நல்ல வார்த்தை சொல்லாமல் அனுப்பியதே கிடையாது. நல்ல வார்த்தை அவரிடம் வண்டி வண்டியாக இருந்தது.

போன மாதம் யாமினா வந்தாள். புருஷன் சுமைதூக்கி; படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். அவன் எழுந்து நடமாடும் வரைக்கும் கொஞ்சம் மாவு கிடைக்குமா என்று கேட்டாள். ஹாஜி அவளை முற்றத்தில் உட்கார வைத்தார்.

"யாமினா, அல்லாவோட ரஹ்மத்துல, அவனோட கருணையில மட்டும் நம்பிக்கை இழந்துடாதே. அது எந்த வாசல் வழியா வரும்னு நமக்குத் தெரியாது. நீ கதவைத் திறந்து வை, அது போதும்."

ஒரு மணி நேரம் பேசினார். உடனிருந்த நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்த உருக்கத்தில் மாவு கொடுக்க அவர் மறந்துவிட்டார். நாங்களும்தான்.

ஆனால் மறுநாளிலிருந்து யாமினாவின் பலகையும் துணி போர்த்தி அடுப்புக்குப் போனது. ஹாஜி அதை நாவிதர் கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் காட்டினார். நம்பிக்கை வந்தது, பின்னாலேயே மாவும் வந்துவிட்டது பார்த்தீர்களா என்றார்.

ரொட்டி குறைவதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் நாவிதர் ஸல்லாமையும் இழுத்துக்கொண்டு போய் அடுப்பங்கூடத்து விறகுக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினார்.

ரொட்டி வெந்து வெளியே வந்தது. ஹம்மாதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஹாஜியின் பலகையிலிருந்து ஒரு பிறையை எடுத்து இன்னொரு பலகையின் துணிக்கடியில் செருகினான். அந்த நேரம் பார்த்து யாமினா உள்ளே வந்து அந்தப் பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஹாஜி பாய்ந்து போய்த் துணியைப் பிடித்து இழுத்தார். தங்கள் ரொட்டியை எடுத்துப்போக வந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பலகையில் அந்த ஒரு ரொட்டியைத் தவிர எதுவும் இல்லை.

வீட்டில் பிடி மாவு இல்லாமல், அது எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, வெறும் பலகையைத் துணி போர்த்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யாமினாவின் கண் கலங்கிவிட்டது.

"ஹாஜி, உங்க வீட்டுப் பிறை எனக்குத் தெரியாதா? அனுப்பறது நீங்கதான்னு முதல் நாளே தெரிஞ்சுக்கிட்டேன். யாருக்கும் தெரியாம செய்றீங்களேன்னுதான் நானும் வாயைத் திறக்கல. வாயால ஒண்ணு சொல்லிட்டு மறைவா ரொட்டியும் அனுப்பற மனுஷனாச்சேன்னு தொழுகையில உங்களுக்காகவும் கேட்டுக்கிட்டிருக்கேன். இத்தனை நாள் மூடி வெச்சுட்டு இன்னிக்கு நீங்களே இப்படித் துணியை உருவலாமா?"

ஹம்மாதி ஏதோ சொல்ல வந்தவன், சொல்லாமல் சாம்பலைப் பார்த்தான். ஸல்லாம் உருகிப்போய் ஹாஜியின் தோளில் முத்தமிட்டார். பெண்கள் அவருக்காகக் கையேந்தித் துஆ கேட்டார்கள்.

ஹாஜி ரொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துத் தன் கையாலேயே பதமாகப் போர்த்திவிட்டார்.

"நாம எதையும் வெளியில சொல்லிக்கிறதில்லம்மா" என்றார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் சலாம் வாங்கிக்கொண்டே வந்தார். தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னையும் உள்ளே அழைத்தார். லல்லா பத்தூல் முற்றத்தில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல, பத்தூல்" என்றார் ஹாஜி. "எல்லாம் அல்லாவோட ரஹ்மத். நம்ம கை வழியா நடக்குது, அவ்வளவுதான்."

அவள் சல்லடையைத் தட்டிக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஹம்மாதிகிட்ட நான் சொல்லி வெச்சபடி நாளைக்கும் ஒரு ரொட்டி போகட்டுமா, இல்ல பிரசங்கமே போதுமா?"