அவன் பெயரில் வைஃபை

மடிக்கணினி அவளிடம் பெயர் கேட்டது.

மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. நூலகத்து ஜன்னலோர மேசையில் வைத்துத் திறந்தால் போதும், பல்கலைக்கழக வைஃபை தானாக ஒட்டிக்கொள்ளும்.

அவன் பெயரில்.

ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஐடி கொடுக்க இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். சீனியர் இளம்பரிதிதான் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்தான். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போது அவன் காது சிவந்திருந்தது. அந்தக் காதை வைத்து அவள் கட்டிய மனக்கோட்டை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு அவளுக்கென்று ஐடி வந்தது. மாற்றத்தான் மனசு வரவில்லை.

அவன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஜெர்மனி போனான். வாய்மொழித் தேர்வும் ஆன்லைனிலேயே முடிந்தது. பட்டம் வாங்க மட்டும் நேரில் வந்தாக வேண்டும்.

"வந்தா மொதல்ல உன்னத்தான் பாப்பேன்" என்றிருந்தான்.

போன் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. வைஃபை மட்டும் தினமும் காலையில் தவறாமல் வந்தது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இன்று வரவில்லை.

கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக் கணினி மையத்துக்கு ஓடினாள். நெட்வொர்க் பார்க்கும் லூர்துசாமி திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடுத்தவர் ஐடியை ஏன் வைத்திருந்தாய் என்று திட்டவில்லை.

"இத மூடியாச்சும்மா. பட்டம் வாங்கணும்னு நோ ட்யூஸ் பாரத்துல கையெழுத்துக்கு வந்திருந்தாப்ல. நேத்து சாயங்காலம்."

நேற்று சாயங்காலம் அவள் ஜன்னலோரத்தில்தான் இருந்தாள். ஆறு மணி வரைக்கும்.

மையத்து வாசலில் நின்றால் அந்த ஜன்னல் தெரியும்.

"உன் ஐடியப் போட்டுத் தரவாம்மா?"

"நானே போட்டுக்கறேன் சார்."

மேசைக்குத் திரும்பினாள். கணினி இன்னும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஐடி அவளுக்கு மனப்பாடம். அடித்தாள்.

பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் தன் பெயரை அடித்தாள்.

தவறு என்றது.

மூடிவிட்ட ஐடிக்கு எதை அடித்தாலும் அப்படித்தான் சொல்லும். அது அவளுக்கும் தெரியும்.

முந்தாநாள் அடித்துப் பார்த்திருக்கலாம்.