எழுதாத வரி

நூறு வருஷத்துக்கு முன்னால் இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையை உடைத்தவன் வீரய்யாதான் என்று நிறுவி டாக்டர் பட்டம் வாங்கியவள் சுடர்விழி. அந்த ஆய்வேடு இப்போது எல்லாரும் படிக்கும் புத்தகமாகிறது. “உங்க குரலும் வேணும்” என்று பதிப்பாளர் நச்சரித்ததால், ‘நான் அந்தக் கரையில் நின்றேன்’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

அச்சுக்குப் போகும் நாளில் புரூஃப் வந்தது. அந்த வரிக்கு அடுத்த வரி அவள் எழுதாதது: ‘உடைத்தது வீரய்யா இல்லை. நான் பார்த்தேன்.’

யார் வேலை இது? பதிப்பகத்தில் டைப் செய்யும் ஷர்லிக்குப் போன் போட்டாள்.

“யாரு சொல்லி இதைச் சேர்த்தே?”

“நீங்கதான மேடம், காலையில போன்ல சொன்னீங்க? சளி பிடிச்ச கொரல்ல.”

“நான் கூப்பிடவே இல்ல. எடு அந்த வரியை!”

“ஒரு நிமிஷம் இருங்க மேடம், ஆபீஸ் போன் அடிக்குது.”

ஷர்லி திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“மேடம், அங்கிட்டும் நீங்கதான் பேசுறீங்க. ஒடைச்சவன் பேரு சொல்றீங்க. எழுதிக்கவா?”