வீட்டுக்கு ஒரு ஆள்

இடது முழங்காலில் மருந்து கட்டும் டிரெசர் தங்கராஜு விரலை வைத்ததும் காளியப்பன், "அலமாக்!" என்று வலியில் அலறித் துள்ளினான். தோட்டத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவன் அடிச்சான்?" என்றார் டிரெசர்.

"யாரும் அடிக்கல ஐயா. ஓடி ஓடி வந்த வலி. மூணு மாசமா தினம் சாயங்காலம் எட்டு மைல். பந்தயத்துக்குன்னு யார்கிட்டயும் சொல்லல, ஜெயிச்ச அரிசியோட வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். இவகிட்டயே இன்னிக்குத்தான் சொன்னேன்."

பக்கத்தில் மனைவி புஷ்பவள்ளி நின்றாள்.

மலாயா ஜப்பான்காரர்கள் பிடியில் இருந்த காலம். வரும் ஞாயிற்றுக்கிழமை குளுவாங் பட்டணத்தில் அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் ஓடலாம். முதலில் வருபவருக்கு ஒரு மூட்டை அரிசி. காளியப்பனின் கடைசிக் குழந்தை பிறந்ததிலிருந்து மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதையும் தின்றதில்லை.

"ரோட்டு ஓரத்துலயா ஓடின?"

"ஆமாங்க. இடது ஓரம்."

"ஓரமெல்லாம் சரிவு. மூணு மாசமும் ஒரே காலைப் போட்டு அடிச்சிருக்க. ரப்பர் மரத்துக்குள்ள, சருகு மேல ஓடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு மாசம் ஓடக் கூடாது."

"ஐயா, ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"ஓடு. திரும்பி வர்றப்ப நாலு பேர் தூக்கிட்டு வரணும், பரவாயில்லையா?"

காளியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். டிரெசருக்கே மனம் கேட்கவில்லை.

"வேற யாரையாவது அனுப்பேன். வீட்டுக்கு ஒரு ஆள்னுதான் உத்தரவு. ஆம்பளையா இருக்கணும்னு போடலையே."

துண்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "இவளையா? நல்லா சொன்னீங்க ஐயா! நான் எட்டு மைல் ஓடிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அடுப்பு ஊதிட்டு நிக்கிற இவளுக்கு என்னைவிட மூச்சு வாங்குது!"

வரிசை மொத்தமும் சிரித்தது. டிரெசரும் சிரித்துவிட்டார்.

புஷ்பவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னது சரிதான் ஐயா. சருகு மேல ஓடினா காலு வலிக்கறதே இல்ல" என்றாள்.

காளியப்பன் துண்டை விலக்கினான். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் எவளைப் பார்க்க ஓடுறீங்கன்னு, மரத்துக்குள்ள பின்னாலயே ஓடி, உங்களுக்கு முன்னாடி வீடு வந்து சேர்ந்தேன்ல!"