கரண்டி நீளும் உயரம்

ஜவுளிக்கடை மாடியில் சாப்பாட்டு நேரம். விற்பனைப் பெண்கள் ஒரே போனைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்து, சமையல் சேனல் ரெஜினாவின் புது வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன்குழம்பைக் கிளறியபடி ரெஜினா சொன்னாள்: “கூட இருந்தவங்க போயிட்டா குழம்பு கெட்டுடாது. உப்பு பாக்கத்தான் ஆளில்ல.”

“முன்னாடி கேமரா பிடிச்ச அந்த ஃப்ரெண்டைத்தான் குத்திக்காட்டுறா,” என்றாள் ஷர்மிளி. “நல்லா ஏமாத்தியிருப்பா போல.”

“போடி, வந்துடுன்னு கூப்பிடுறா,” என்றாள் இன்னொருத்தி.

தெய்வானை சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் அந்தக் கேமராவைப் பிடித்தவள் அவள்தான். படத்தில் முகம் வராததால் இங்கே யாருக்கும் தெரியாது. ரெஜினா ஏன் திடீரென்று தன்னோடு பேச்சை நிறுத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது.

“அப்படி என்னதான் பண்ணிட்டாளாம் அவ?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றும் பொருந்தவில்லை.

கடைசியில் ரெஜினா வழக்கம்போலக் கரண்டியை ஊதி, எதிரே நீட்டினாள்.

“இப்பல்லாம் ஸ்டாண்டுல வச்சுத்தானே எடுக்குறா? யாருக்குடி நீட்டுறா?”

தெய்வானை குள்ளம். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத்தான் எடுப்பாள். அதனால் கரண்டி எப்போதும் கேமராவுக்குக் கீழே, அவள் வாய்க்குத்தான் வரும். இன்றும் அது தாழ்ந்து, திரையின் அடிவிளிம்பைத் தாண்டி, அங்கேயே நின்றது.

தெய்வானையின் வாய் தானாகத் திறந்தது.

“என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்க?”

“உப்பு பத்தல,” என்றாள் தெய்வானை.