துரை வேஷம்

"அடியா இது? தலகாணியத் தட்டுற மாதிரி இருக்கு" என்று சீறினார் நாடக வாத்தியார் குமரப்பன்.

மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலம். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஜப்பான் அதிகாரி பார்ப்பதற்காக நாடகம் போட உத்தரவு. கடைசிக் காட்சியில், பால்மரம் வெட்டும் தொழிலாளிகள் வெள்ளைக்காரத் துரையை அடித்து விரட்ட வேண்டும். நடித்தவர்களும் அதே தொழிலாளிகள்தான். ஆனால் ஒருவனுக்கும் கை ஓங்கவில்லை.

"உங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதுக்கு எருமை மாட்டுக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

துரை வேஷக்கார வீரமுத்து தயங்கினான். "தொரைய அடிச்சு எங்களுக்குப் பழக்கமில்ல வாத்தியாரே. கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க."

குமரப்பன் அவன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினார். "உனக்குத் தொரையோட திமிரே வரல. போய்க் கும்பல்ல நில்லு. நானே செய்றேன்."

நாடகத்தன்று அவருக்குத் திமிர் தானாகவே வந்தது. பூட்ஸ் காலால் இரண்டு பேரை நிஜமாகவே உதைத்தார்.

கடைசிக் காட்சியில் முதல் அடி வீரமுத்துவுடையது. பிறகு யார் யார் அடித்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. திரை விழுந்தபோது உதடு கிழிந்து, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

வீரமுத்து குனிந்து பணிவாகக் கேட்டான். "இப்ப சரியா இருந்துச்சா வாத்தியாரே?"

பதில் சொல்வதற்குள் அதிகாரியுடன் வந்த மொழிபெயர்ப்பாளர் திரைக்குள் தலையை நீட்டினார்.

"கடைசிக் காட்சி அதிகாரிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னொரு தடவை பாக்கணுமாம்."

குமரப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நடிகர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தம்பிங்களா, இந்தத் தடவையாச்சும் கொஞ்சம் நடிங்கப்பா."