கவுன்சிலரின் பதினாலு பேர்

கவுன்சிலர் சுப்புராயனின் லெட்டர்பேடில் பதினாலு பெயர்கள் இருந்தன.

"இதே வரிசையில டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க ஷரஃபுதீன். இன்னிக்கே மேலே போயாகணும்" என்றார் ராஜகோபாலன்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் ராஜகோபாலன் அதிகாரி. ஐந்து மாதத்தில் ஓய்வு. தலைமை எழுத்தர் ஷரஃபுதீன் அவரிடம் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். காண்டிராக்டர் வாங்கித்தரும் காபியைக்கூடத் தொடாத மனுஷன் என்று வீட்டில் அவரைப் பற்றிப் பெருமையடிப்பார்.

அந்த மனுஷன் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆழ்வார்பேட்டையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றதாக பியூன் வந்து சொன்னபோது ஷரஃபுதீன் நம்பவில்லை. இப்போது நம்பினார்.

தினக்கூலிக்குக் கூட்டிப் பெருக்குகிறவர்களில் பதினாலு பேரை நிரந்தரமாக்க உத்தரவு வந்திருந்தது. காத்திருந்தவர்கள் நானூறு பேர். எம்.எல்.ஏ. கடிதம், வட்டச் செயலாளர் கடிதம் என்று ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் வந்து நின்றார்கள்.

எதுவும் இல்லாமல் வந்தவள் தேவானை ஒருத்திதான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டைப் பதிமூணு வருஷமாகப் பெருக்குகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். எனக்காகப் பேச ஆளில்லை சார் என்று ஷரஃபுதீனிடம் அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

டைப் அடிக்கும்போது மூன்றாவது பெயராக தேவானை வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இவளும் கடைசியில் கவுன்சிலர் காலில் விழுந்துவிட்டாள் போல என்று நினைக்கையில் அந்தச் சந்தோஷமும் கசந்தது.

பேப்பரைக் கொண்டுபோய் வைத்தவர், முதல் தடவையாக ராஜகோபாலன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்.

இரண்டு வாரத்தில் பதினாலு பேருக்கும் ஆர்டர் வந்துவிட்டது. கவுன்சிலர் தெருமுனையில் மேடை போட்டார். சீரியல் பல்பு, மைக் செட், ஆளுயர மாலை. ஒவ்வொரு ஆர்டரையும் அவரே எடுத்துக் கொடுத்தார். இந்தப் பதினாலு குடும்பத்துக்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன் என்று மைக்கில் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

ராஜகோபாலனுக்கு மேடையில் நாற்காலிகூடப் போடவில்லை. கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தார்.

தேவானை ஆர்டரை நெஞ்சோடு அணைத்தபடி கீழே இறங்கி வந்தாள். பெண்கள் இரண்டு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்து ஷரஃபுதீன் பார்த்தது அன்றைக்குத்தான்.

கவுன்சிலரை எப்போது போய்ப் பார்த்தாய் என்று கேட்டார்.

"நானா? இன்னிக்குத்தான் சார் அவர் மூஞ்சியையே கிட்டத்துல பாக்குறேன். அவர்கிட்ட போயி நிக்க என்கைல இன்னா கீது? என் பேரு அவருக்கு எப்படித் தெரியும்னே தெரியல."

அவளோடு ஆர்டர் வாங்கிய மற்ற பதிமூணு பேரிடமும் விசாரித்தார். ஒருவர்கூடக் கவுன்சிலர் வீட்டுப் படியேறியதில்லை.

மறுநாள் ஷரஃபுதீன் பழைய வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தார். யார் யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்று மூன்று நாள் உட்கார்ந்து கூட்டினார். நானூறு பேரில் அதிக நாள் வேலை பார்த்த முதல் பதினாலு பேர், கவுன்சிலர் லெட்டர்பேடில் இருந்த அதே பதினாலு பேர். வரிசைகூட மாறவில்லை.

பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு போய் ராஜகோபாலன் மேஜையில் வைத்தார். உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கவுன்சிலருக்கு இது எப்படி சார் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

ராஜகோபாலன் கதவைச் சாத்தச் சொன்னார்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை, ஆபீஸில் யாருக்கும் தெரியாமல், வேலை பார்த்த நாள் வரிசைப்படி பெயர்களை அவரே கைப்பட எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். இரண்டு தடவையும் தன் ஆள் இல்லை என்று யாரோ தடுத்து நிறுத்தினார்கள். ஆறு வருஷம் அப்படியே போயிற்று. ஓய்வு பெறுவதற்குள் இதையாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டைக்குப் போனாராம்.

"உங்க ஆளுங்களைப் போட்டா நாளைக்கே எவனாவது கோர்ட்டுக்குப் போவான். இவங்களைப் போட்டா ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது, வார்டே உங்களுக்கு மாலை போடும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் அவரே லெட்டர்பேடை எடுத்தார்."

"மாலை உங்களுக்கில்ல சார் விழுந்திருக்கணும்?"

ராஜகோபாலன் சிரித்தபடி பதிவேடுகளை மூடினார்.

"அடுத்த வருஷம் இன்னும் இருபது பேரை எடுக்கப்போறாங்க. நான் இருக்கமாட்டேன். நாள் கணக்கை இப்பவே கூட்டி வச்சிடுங்க, கவுன்சிலர் நேத்தே போன் பண்ணி லிஸ்ட் கேட்டுட்டார்."